மாலை மாற்றும் படம் இல்லாத ஆல்பம்

போன வாரம் இளங்கோ போன் செய்தான். திருவெறும்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன். தொழிற்சாலைக்குப் புகைப்படக்காரன். எனக்கு இருட்டறையும் சிவப்பு விளக்கும் இருந்தன, அவனுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மற்றபடி வேலை ஒன்றுதான்.

"சார், ஃப்ரெண்டுக்கு உறையூர்ல கல்யாணம். ஸ்டூடியோக்காரங்க வேண்டாம், நீயே எடுத்துடுன்னு ஒரே பிடிவாதம் பண்றான். காசு எதுவும் வாங்கலை சார், சும்மாதான். இதுக்கெல்லாம் ஆபீஸ்ல சொல்லணுமா என்ன?"

"காசு வாங்கலைன்னா பிரச்சினை இல்லைன்னு நினைக்கிறியா?"

"ஆமா சார்."

"வாங்கினேன்னா ரசீது இருக்கும், காட்டிடலாம். வாங்கலைங்கறதை எதைக் காட்டி நிரூபிப்பே?"

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இளங்கோ ஒருவனுக்கு மட்டும் என்று நிற்கவில்லை. கழுத்தில் கேமரா தொங்குகிற எல்லோருக்குமாக இருக்கட்டும்.

நான் ஜீயபுரத்துக்காரன். வீட்டில் வாழைக் கொல்லை, எனக்கு அதில் மனம் போகவில்லை. திருச்சியில் கல்லூரியில் பௌதிகம் படித்தபோது ஒளியியல் பாடம் வந்தது. அன்றிலிருந்து லென்ஸ் பைத்தியம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய முப்பத்தைந்து எம்.எம். கேமரா ஒன்றை வாங்கி, காவிரிப் பாலம், மலைக்கோட்டை, சந்தைக்குப் போகும் மாட்டு வண்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். எழுபதுகளின் கடைசியில் தொழிற்சாலையில் புகைப்பட உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கிடைத்தது. இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம், அதன்பிறகு நிரந்தரம்.

என் மேலதிகாரி அருளப்பன் சார். அவரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் மடித்து வைத்த மஞ்சள் துணி. எதைக் கேட்டாலும் முதலில் அந்தத் துணியை எடுத்து ஏதாவது ஒரு லென்ஸைத் துடைப்பார். பதில் துடைத்து முடித்த பிறகுதான் வரும். எங்கள் வேலை பெரும்பாலும் இரும்பைப் படம் பிடிப்பது. வெல்டிங் போட்ட இணைப்பு, விரிசல் விட்ட குழாய், விபத்து நடந்த இடம். கூடவே அடையாள அட்டைக்கு முகங்கள், வழியனுப்பு விழாக்கள். நெகடிவைக் கழுவிக் காயவைத்து அவரிடம் கொண்டு போனால் டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார். "ம்" என்பார். அந்த "ம்" மூன்று வகை. குட்டையாக வெட்டினால் மறுபடி எடுக்க வேண்டும். நடுத்தரமாக வந்தால் பரவாயில்லை. மூக்கு வழியாகக் கொஞ்சம் இழுத்து வந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூன்றாவது "ம்"முக்காக நான் கொளுத்தும் வெயிலில் கிரேன் மேல் ஏறியிருக்கிறேன்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வாயால் சொன்ன எதையும் ஏற்க மாட்டார். லீவு வேண்டுமா, எழுதிக் குடுங்க. ஃபிக்ஸர் தீர்ந்து போச்சா, எழுதிக் குடுங்க. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். "சார், குளிருது" என்றேன். "எழுதிக் குடுத்துட்டுப் போய்ப் படுங்க" என்றார்.

ரங்கராஜன் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தான். ரங்கு என்போம். ஸ்ரீரங்கத்துப் பையன், ஆள் நல்ல கனம், சிரித்தால் மேஜை ஆடும். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நேரே இருட்டறைக் கதவைத் தட்டினான்.

"டேய் செல்வராஜ், என் கல்யாணத்துக்கு நீதான் படம் எடுக்கறே. எங்காத்துல, தெருவுல ஒரு ஸ்டூடியோகாரர்ட்ட பேசி வெச்சிருந்தா. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏண்டா, அவர் பொழைப்பைக் கெடுக்கறே?"

"அவர் எடுத்தா எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு நிக்கறாப்பல இருப்பா. நீ எடுத்தா மனுஷாளா இருப்பா. கல்யாணத்துக்கு இதுதான் நீ எனக்குத் தர பரிசு. வேற ஒண்ணும் கொண்டு வராதே."

எனக்குக் கால் தரையில் இல்லை. அருளப்பன் சாரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் ஒரு லென்ஸைத் துடைத்து முடித்தார்.

"எழுதிக் குடுங்க."

"சார், ஃப்ரெண்டு கல்யாணம் சார். என் கேமரா, என் ஃபிலிம். சும்மா எடுக்கிறேன்."

"அதையே எழுதிக் குடுங்க."

நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். நண்பன் கல்யாணத்துக்குப் போக விண்ணப்பமா! எழுதவில்லை.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிச் சத்திரம் ஒன்றில். பெண்ணின் அப்பா வரதாச்சாரி. கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக, அதாவது சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரத்தில் எல்லோருக்கும் அவர் சிரஸ்தார் மாமாதான். பந்தலில் கால் வைத்ததுமே என்னை நிறுத்தினார்.

"நீதான் படம் எடுக்கப்போறவனா? எனக்கு மூணு படம் முக்கியம். மாலை மாத்தறது, ஊஞ்சல், திருமாங்கல்யம். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"கண்டிப்பா மாமா."

அந்தக் காலத்தில் ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் அமுக்க வேண்டும். காசி யாத்திரை கிளம்பிய ரங்கு குடையும் விசிறியுமாகத் தெருவில் நின்று சிரித்ததை எடுத்தேன். வைதேகி, அதாவது கல்யாணப் பெண், கையில் மாலையோடு காத்திருந்ததையும் எடுத்தேன். அடுத்தது மாலை மாற்றல். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அவரவர் மாமன்மார் தோளில் தூக்கிக்கொள்வார்கள். எதிராளியின் கைக்கு எட்டாதபடி பின்வாங்குவதும் எக்குவதுமாக ஒரே அமர்க்களமாக இருக்கும். பெண்ணுடைய மாமா வைதேகியை வெல்லக்கட்டி மாதிரி தூக்கிவிட்டார். ரங்குவின் மாமா கும்பகோணத்திலிருந்து வந்தவர், ஒல்லி. ரங்குவை ஒரு தரம் எக்கித் தூக்கினார், "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேலே வைதேகி மாலையோடு காத்திருக்கிறாள், கீழே ரங்கு பேந்தப் பேந்த விழிக்கிறான். பெண் வீட்டார் கேலி ஆரம்பமாகிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு ஏணி கொண்டாங்கோ!"

"ஏணி தாங்காது, கிரேன் கொண்டாங்கோ! ஃபேக்டரியிலதானே உத்தியோகம்!"

ஒரு மாமி என்னைக் கையைக் காட்டினாள். "அதோ போட்டோக்காரர் நன்னா ஓங்குதாங்கா இருக்காரே, அவரைத் தூக்கச் சொல்லுங்கோ."

"அவன் போட்டோக்காரன் இல்லே மாமி, என் ஃப்ரெண்டு" என்றான் ரங்கு. என்னைப் பார்த்து, "டேய், மானம் போறதுடா. தூக்குடா."

யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் நாதஸ்வரக் கோஷ்டியில் தாளம் போடுகிறவர் நின்றார். அவர் கழுத்தில் கேமராவை மாட்டிவிட்டு, குனிந்து, ரங்குவைத் தோளில் ஏற்றினேன். ஜீயபுரத்தில் வாழைத்தார் சுமந்த தோள்தான். ஆனாலும் ரங்கு வாழைத்தார் இல்லை. கண் இருட்டியது. மேலே சிரிப்பும் கூச்சலும் கேட்கிறது, என் தலையில் ரோஜா இதழ் கொட்டுகிறது, மூன்று முறை மாலை மாறிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரங்குவின் பஞ்சகச்சத்து மடிப்பு மட்டும்தான். தாளக்காரர் கழுத்தில் கேமரா ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு இரண்டு கையிலும் தாளம்.

இறக்கிவிட்டதும் சிரஸ்தார் மாமா தட்டில் வேஷ்டியும் அங்கவஸ்திரமும் வெற்றிலை பாக்கும் வைத்து என் கையில் கொடுத்தார். டிராயிங் ஆபீஸ் நண்பன் ஒருவன் கேமராவை வாங்கி, "நானும் ஒண்ணு அமுக்கிப் பாக்கறேன்" என்று மாமா எனக்குத் தட்டைக் கொடுப்பதை ஒரு படம் எடுத்தான். கோணலாக எடுத்தான். ஆனால் அந்த ரோலிலேயே துல்லியமாக விழுந்த படம் அதுதான்.

ஆல்பத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"மாலை மாத்தறது எங்கே?"

"மாமா, அப்ப நான் ரங்குவைத் தூக்கிட்டிருந்தேனே."

"உன்னை யார் தூக்கச் சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னாங்க மாமா."

"நான் சொன்னது மூணு படம். முதல் படமே இல்லே. நோட்டீஸ் விடறேன் பார் உன் மேலே!"

கோர்ட்டிலேயே காலம் கழித்தவர், கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவார் என்று ரங்கு சமாதானம் சொன்னான். அதன்பிறகு அவர் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

நோட்டீஸ் வந்தது. அவரிடமிருந்து இல்லை, தொழிற்சாலையிலிருந்து.

யாரோ நிர்வாகத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். புகைப்படப் பிரிவு செல்வராஜ் தொழிற்சாலை ஃபிலிமைக் கொண்டு ஸ்ரீரங்கத்தில் கூலிக்குக் கல்யாணப் படம் எடுக்கிறான் என்று. எழுதியது யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது, தேடவும் இல்லை. பணியாளர் துறையிலிருந்து குறிப்பாணை வந்தது. முன் அனுமதியின்றி ஊதியம் பெற்று வெளிவேலை பார்த்ததாகக் குற்றச்சாட்டு. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தப் பருவத்தில் இருப்பவனை விசாரணையே இல்லாமல் ஒற்றை வரியில் வீட்டுக்கு அனுப்பலாம். காகிதத்தைப் பிடித்திருந்த என் கையில் படம் கழுவும் ஹைப்போ திரவத்தின் ஈரம்கூடக் காயவில்லை. மறுபடி வாழைக் கொல்லைக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அருளப்பன் சார் அதைப் படித்தார். லென்ஸ் துடைத்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்ற பேச்சே அவரிடம் இல்லை. உட்கார்ந்து, தன் கைப்பட நிர்வாகத்துக்கு எழுதினார். இந்த ஆள் என்னிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத்தான் போனார், இவர் தரப்பைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். நான் பிழைத்தது முதலில் அந்தக் காகிதத்தால்தான். விசாரணை வைத்தார்கள்.

விசாரணை என்றால் கோர்ட் இல்லை, பயிற்சிக்கூடத்தில் ஒரு மேஜை. நடுவில் விசாரணை அதிகாரி தியாகராஜன், பாய்லர் பிரிவு இன்ஜினீயர். இந்த வேலையை ஏன் தன் தலையில் கட்டினார்கள் என்ற முகம். ஒரு பக்கம் நிர்வாகத் தரப்புக்கு சிவக்கொழுந்து, பணியாளர் துறை. மறுபக்கம் நான். மூலையில் டைப்பிஸ்ட். கேள்வியும் பதிலும் உடனுக்குடன் டைப் ஆகும். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா நெகடிவையும், அவற்றின் சின்ன அச்சுப் பிரதிகளையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கொண்டு போனேன்.

ஃபிலிம் விஷயம் சுலபமாக முடிந்தது. அருளப்பன் சார் சாட்சியாக வந்து தொழிற்சாலை நெகடிவ் ஒன்றையும் என் நெகடிவ் ஒன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொழிற்சாலையுடையது பெரிய சதுர நெகடிவ், என்னுடையது அதில் பாதிகூட இல்லை. "எங்க ஃபிலிம் இந்த கேமராவுல நுழையாது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்து ரங்கு. "அவனுக்கு ஒரு பைசா தரலை சார்."

சிவக்கொழுந்து சிரித்தார். "நீங்க மாப்பிள்ளை. அவர் உங்க ஃப்ரெண்டு. வேற என்ன சொல்வீங்க?" அச்சுப் பிரதியில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்து என் பக்கம் திரும்பினார்.

"இது யாருங்க?"

"நான் சார்."

"கையில?"

"வேஷ்டி, அங்கவஸ்திரம்."

"குடுக்கிறது?"

"பொண்ணோட அப்பா."

"கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாருக்கும் ஜரிகைக்கரை வேஷ்டி குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"உங்களுக்கு மட்டும் குடுத்தாங்க. படம் எடுத்த உங்களுக்கு. கூலியைப் பணமா வாங்கினா என்ன, துணியா வாங்கினா என்ன?"

டைப்பிஸ்டின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையைத் தூக்கினேன் என்றேன். "போட்டோ எடுக்கப் போனவர் மாப்பிள்ளையைத் தூக்கினாராம்" என்றார் சிவக்கொழுந்து, மேஜையைப் பார்த்து. சொல்லிக் கேட்கும்போது எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

ரங்கு அப்போதுதான், "என் மாமனார் வெளியில இருக்கார். அழைக்கலாமா?" என்றான்.

அவரை எதற்கடா கூட்டி வந்தாய்! அவர் வாயைத் திறந்தால் எனக்கு இரண்டாவது குறிப்பாணை உறுதி.

பஞ்சகச்சம், குடை, கக்கத்தில் கல்யாண ஆல்பம். சிரஸ்தார் மாமா நாற்காலியில் உட்காராமல் நின்றார். கோர்ட் வழக்கம்.

"இவரைத் தெரியுங்களா?" என்றார் தியாகராஜன்.

"தெரியாம என்ன? என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தவன்."

டைப்பிஸ்ட் தலையைத் தூக்கினார். "சார், இதையும் அடிக்கட்டுமா?"

"அடிங்க."

"மாலை மாத்தற படம் எடுடான்னேன். எடுக்கலே. ஆல்பத்தைப் பாருங்கோ. பொண்ணு மாலையோட நிக்கறா. அடுத்த பக்கம் ஊஞ்சல். நடுவுல ஒண்ணுமே இல்லே. எங்காத்து மாமி இன்னிக்கும் கண்ணைக் கசக்கறா."

"இவருக்குப் பணம் குடுத்தீங்களா?"

"பணமா? இவனுக்கா?" மாமாவின் குரல் ஏறியது. "குடுத்திருந்தா விட்டிருப்பேனா? வக்கீல் நோட்டீஸே எழுத உக்காந்தேன். 'எனது மகளின் திருமணத்தைப் படம் எடுக்க, ரூபாய் இவ்வளவுக்கு நீர் ஒப்புக்கொண்டு' அப்படின்னு ஆரம்பிக்கணும். அங்கேயே பேனா நின்னுடுத்து. எவ்வளவுன்னு எழுதறது? தொகையே பேசலே. பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் சட்டத்துல நிக்காது. இத்தனை வருஷம் கோர்ட்டுல இருந்துட்டு, ஒரு பையன் மேலே கேஸ் போட வழியில்லாம உக்காந்திருக்கேன்!"

தியாகராஜன் கையால் வாயை மூடிக்கொண்டார். சிவக்கொழுந்து விடவில்லை.

"அப்ப அந்த வேஷ்டி எதுக்குங்க?"

"அது மாப்பிள்ளையோட மாமாவுக்குன்னு எடுத்து வெச்சது. தூக்கறவாளுக்கு உண்டான மரியாதை. அவர் இடுப்பைப் பிடிச்சுண்டு உக்காந்துட்டார், இவன் தூக்கினான். யார் தூக்கினாளோ அவாளுக்குத்தானே குடுக்கணும்? இவன் எடுத்த படத்துக்கு நான் வேஷ்டி குடுப்பேனா? துண்டுகூடக் குடுத்திருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து அருளப்பன் சார் எழுந்து வந்தார். பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, மஞ்சள் துணியால் துடைத்து, தியாகராஜன் முன்னால் வைத்தார். அவர் அந்தக் கோணல் படத்தின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலை முழுக்கப் பூ இதழா இருக்கே" என்றார். "சட்டை தோள்பட்டையில வேற கசங்கியிருக்கு." சிவக்கொழுந்து பக்கம் கண்ணாடியைத் தள்ளினார். "கூலிக்கு வந்தவர் முக்கியமான சமயத்துல கேமராவை விட்டுட்டு இந்த வேலை பாப்பாரா? நீங்களே சொல்லுங்க."

சிவக்கொழுந்து பார்த்தார். ரங்குவை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்படிங்க தூக்கினீங்க இவரை?" என்றார். அதை மட்டும் டைப்பிஸ்ட் அடிக்கவில்லை.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று உத்தரவு வந்தது. இனி இப்படிப் போவதானால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்று கீழே ஒரு வரி. அதைக் கையில் வாங்கியபோது இருட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை சைக்கிளைக் காவிரிப் பாலத்தில் மிதித்தபோது காற்று என்னைத் தள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது. நேரே சிரஸ்தார் மாமா வீடு.

"மாமா, உங்களாலதான் என் வேலை தப்பிச்சுது."

"அது கிடக்கட்டும். மாலை மாத்தற படம்?"

"மாமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மாலை வாங்கி வெக்கறேன். ரெண்டு பேரும் தரையிலேயே நிக்கட்டும், யாரும் யாரையும் தூக்க வேண்டாம். நீ கேமராவைக் கீழே வெக்கப்படாது. இப்பவே சொல்லிட்டேன், காலணா தர மாட்டேன்."

"மாமா, அதை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். கோர்ட் கையெழுத்து, மணி மணியாக. 'மேற்படி படத்துக்காக மேற்படி நபருக்கு எவ்விதப் பிரதிபலனும் தர இயலாது, தரவும் மாட்டேன்.'

மறுநாள் காலை என் விண்ணப்பத்தோடு அதைச் சேர்த்துக் குத்தி அருளப்பன் சாரிடம் நீட்டினேன். அவர் லென்ஸ் துடைக்கவில்லை. இரண்டு காகிதத்தையும் படித்தார். பழக்கதோஷமோ என்னவோ, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூக்கு வழியாக, நீளமாக இழுத்து, "ம்" என்றார்.